சேம்பர் வாங்கும் முன் சாம்பிளை எடை போடுங்கள்

2018 மே மாதக் கடைசியில், ராஜஸ்தானின் பார்மேர் பக்கத்திலிருந்து 11 சோலார் பம்ப் கண்ட்ரோலர்கள் எங்கள் சோதனைக்கூடத்துக்குத் திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் ஒரே புகார்தான். காலையில் நன்றாக ஓடுகிறது, பன்னிரண்டு மணிக்கு மேல் நின்றுவிடுகிறது, மூன்றரை மணிக்குத் தானாகவே ஓட ஆரம்பிக்கிறது. வெயில் உச்சியில் நிற்கும் நேரத்தில்தான் சோலார் பம்பு அதிகத் தண்ணீரை இறைக்க வேண்டும். அந்த மூன்று மணி நேரம் போனால் அந்த விவசாயிக்கு அன்றைய தண்ணீரே போய்விட்டது என்று அர்த்தம்.

அந்த 11 பெட்டிகளும் எங்கள் சேம்பரில், அதாவது பொருளை உள்ளே வைத்துச் சூடும் குளிரும் கொடுத்துப் பார்க்கும் சோதனை அறையில், 60 டிகிரியில் 16 மணி நேரம் ஓடித் தேறியவை. சான்றிதழில் இருப்பது என் கையெழுத்து. ஒரு பெட்டியைத் திறந்து, சூட்டை வெளியே விடும் அலுமினியத் தகடான ஹீட் சிங்க்கில், வெப்பம் அளக்கும் வயரான தெர்மோகப்பிளை ஒட்டி, அதே சேம்பரில் அதே 60 டிகிரியில் ஓட்டினேன். ஹீட் சிங்க் 77 டிகிரியில் நின்றது. அப்புறம் ஒரு அட்டைப் பெட்டியை வெட்டி, சேம்பருக்குள் காற்றைச் சுற்றவிடும் ப்ளோவரின் காற்று நேராகப் படாதபடி கண்ட்ரோலரைச் சுற்றி மறைப்பு வைத்தேன். ஒன்றரை மணி நேரத்தில் 90 டிகிரி தொட்டது, கண்ட்ரோலர் தானே அணைந்தது. பார்மேரில் நடந்தது அப்படியே என் கண் முன்னால் நடந்தது. சூடாக்க வைத்திருந்த சேம்பரே அதுவரை காற்றடித்து எங்கள் பொருளைக் குளிர வைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

கோவையில் பம்ப் கண்ட்ரோலர் செய்யும் ஒரு நிறுவனத்தில் 16 ஆண்டுகளாகச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். மூன்று சேம்பர்கள் வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. முதல் சேம்பரை விலைப்பட்டியலைப் பார்த்து வாங்கினோம். மற்ற இரண்டையும் சாம்பிளை, அதாவது உள்ளே வைத்துச் சோதிக்கப்போகும் எங்கள் பொருளைப் பார்த்து வாங்கினோம். புதிதாக சேம்பர் வாங்கப்போகிறவர்களுக்கு அந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பொருள் எங்கே போய் நிற்கப்போகிறது?

கோட்டேஷன் கேட்பதற்கு முன் ஒரே ஒரு தாளில் எழுதுங்கள். பொருள் சந்திக்கப்போகும் அதிக வெப்பம், குறைந்த வெப்பம், ஈரம் உண்டா, ஓடிக்கொண்டே சந்திக்குமா அணைந்த நிலையிலா, வெப்பம் எவ்வளவு வேகத்தில் மாறும், எத்தனை மணி நேரம். வாடிக்கையாளர் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையமான ஐ.இ.சி.யின் 60068 தர வரிசையைக் குறிப்பிட்டிருக்கலாம், இந்திய டெண்டர் என்றால் இந்தியத் தரமான ஐ.எஸ். 9000 இருக்கலாம், வண்டிக்குள் போகும் பொருள் என்றால் ஐ.எஸ்.ஓ. 16750-4 இருக்கலாம். எண்ணை மட்டும் எழுதாமல், அதற்குள் எந்தச் சோதனை, எந்த அளவு என்பதையும் எழுதுங்கள். 60068-2-1 குளிர், 60068-2-2 உலர் வெப்பம், 60068-2-14 வெப்ப மாற்றம், 60068-2-30 சுழற்சியாக வரும் ஈர வெப்பம், 60068-2-78 நிலையான ஈர வெப்பம். ஒவ்வொன்றும் சேம்பரிடம் வேறு வேறு வேலை கேட்கும்.

எங்கள் கணக்கைச் சொல்கிறேன். ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது. அது நிழலில் அளந்த காற்றின் வெப்பம். எங்கள் கண்ட்ரோலர் மூடிய இரும்புப் பெட்டிக்குள், வெட்ட வெளியில் நிற்கிறது. நாங்கள் அளந்தபோது பெட்டிக்குள் வெளியைவிட 16 டிகிரி கூடுதலாக இருந்தது. ஆகவே பெட்டியோடு சோதித்தால் ஒரு எண், உள்ளே இருக்கும் போர்டை மட்டும் சோதித்தால் வேறு எண். குளிரில், லடாக்கின் லே பக்கம் ஜனவரி இரவுகள் பூஜ்யத்துக்கு வெகு கீழே போகும். எங்களுக்கு −20 போதும் என்று முடிவு செய்தோம். தேவைக்குக் கீழே 10 டிகிரி கையிருப்பாக வையுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

அந்தத் தாளில் தெர்மல் ஷாக் என்ற வார்த்தை இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். சூட்டிலிருந்து குளிருக்குச் சில நொடிகளில் பொருளை மாற்றுவது இரண்டு அறை உள்ள வேறு இயந்திரத்தின் வேலை. ஒரே அறை சேம்பரில் அதைச் செய்ய முடியும் என்று யாராவது சொன்னால், எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

காற்று

இதைத்தான் யாரும் கேட்பதில்லை. நானும் முதல் முறை கேட்கவில்லை.

அசையாத காற்றில் வைத்து ஓட்டும்போது, பொருளின் மேற்பரப்பில் மிகச் சூடான இடம் சுற்றியுள்ள காற்றைவிட 5 டிகிரிக்கு மேல் சூடானால், ஐ.இ.சி. அதை வெப்பம் வெளியிடும் பொருள் என்று வகைப்படுத்துகிறது. உங்கள் பொருள் அந்த வகையா என்பதைச் சேம்பர் இல்லாமலே பார்த்துவிடலாம். ஃபேனை அணைத்த அறையில் மேஜை மேல் வைத்து ஓட்டி, ஒரு தெர்மோகப்பிள் ஒட்டினால் போதும். எல்.இ.டி. டிரைவர், சார்ஜர், மோட்டார் டிரைவ் எல்லாம் கிட்டத்தட்ட நிச்சயமாக அந்த வகை. ஓடாமல் சும்மா வைத்துச் சோதிக்கும் பிளாஸ்டிக் உறை, சுவிட்ச், வயர் எல்லாம் அதில் சேராது.

அந்த வகை என்றால் குறைந்த காற்றோட்டத்தில்தான் சோதிக்க வேண்டும். ஆனால் சேம்பர் செய்பவருக்கு வேகமான காற்று வேண்டும். காற்று நன்றாகச் சுற்றினால்தான் எட்டு மூலைகளிலும் நடுவிலும் ஒரே வெப்பம் கிடைக்கும், கோட்டேஷனில் அழகான எண்ணை எழுதலாம். அதனால் மூன்று கேள்விகள் கேளுங்கள். ப்ளோவர் வேகத்தைக் குறைக்க முடியுமா? குறைத்தால் சாம்பிள் இருக்கும் இடத்தில் நொடிக்கு எத்தனை மீட்டர் காற்று? அந்தக் குறைந்த வேகத்தில் ஒன்பது புள்ளிகளின் வெப்ப வேறுபாடு எவ்வளவு? மூன்றாவது கேள்விக்குப் பதில் வைத்திருப்பவரிடம் வாங்குங்கள். எங்கள் இரண்டாவது சேம்பரை அப்படித்தான் தேர்ந்தெடுத்தோம். அவர் சொன்ன எண் மற்றவர்களுடையதைவிட மோசமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் ஒருவர்தான் அதை அளந்து வைத்திருந்தார்.

ஏற்கெனவே வேகமான காற்றுள்ள சேம்பர் வைத்திருப்பவர்கள், சாம்பிளைச் சுற்றித் துளையிட்ட தகட்டில் ஒரு கூண்டு செய்து பாருங்கள். கூண்டுக்குள் காற்றின் வெப்பத்தைத் தனியாக அளக்க வேண்டும், சாம்பிளிலிருந்து மேலெழும் சூடு படாத இடத்தில்.

எடை, வாட், நிமிடத்துக்கு எத்தனை டிகிரி

விலைப்பட்டியலில் நிமிடத்துக்கு 5 டிகிரி என்று போட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது காலி சேம்பரில், தொடக்க வெப்பத்துக்கும் இறுதி வெப்பத்துக்கும் இடையிலான முழு தூரத்தின் 10 சதவீதத்திலிருந்து 90 சதவீதம் வரை எடுத்த சராசரி. ஐ.இ.சி. 60068-3-5 முறைப்படியே அப்படித்தான் அளக்கிறார்கள், அதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் உங்கள் சாம்பிளை உள்ளே வைத்ததும் அந்த எண் மாறிவிடும். எவ்வளவு மாறும் என்பதை நீங்களே கணக்குப் போடலாம்.

எங்கள் 5 ஹெச்.பி. கண்ட்ரோலர் ஒன்றில் தோராயமாக 3 கிலோ அலுமினியம், 5 கிலோ இரும்பு, 1 கிலோ செம்பு. ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்க அலுமினியத்துக்கு 0.9 கிலோஜூல், இரும்புக்கு சுமார் 0.5, செம்புக்கு சுமார் 0.4 வேண்டும். ஆக ஒரு கண்ட்ரோலருக்கு 2.7, 2.5, 0.4 என மொத்தம் 5.6 கிலோஜூல். ஒரே நேரத்தில் நான்கு வைக்கிறோம், அது 22.4. அவற்றைத் தாங்கும் ரேக் 12 கிலோ இரும்பு, அதற்கு 6. கூட்டினால் ஒவ்வொரு டிகிரிக்கும் 28.4 கிலோஜூல். நிமிடத்துக்கு 3 டிகிரி இறக்க வேண்டுமென்றால் 28.4ஐ 3ஆல் பெருக்கி 60ஆல் வகுங்கள். 1.42 கிலோவாட் வருகிறது. இதன் மேல், ஓடும் கண்ட்ரோலர் ஒவ்வொன்றும் சுமார் 115 வாட் வெப்பம் விடுகிறது, நான்குக்கும் 460. ஆக சேம்பர் தன் உள்சுவரையும் காற்றையும் குளிர்விப்பது போக, எங்களுக்காக மட்டும் கிட்டத்தட்ட 1.9 கிலோவாட்டை வெளியே இழுத்தாக வேண்டும்.

இந்த எண் கைக்கு வந்த பிறகு பேச்சே மாறிவிடும். கம்ப்ரஸரின் குளிரூட்டும் திறன் கீழே போகப்போகக் குறையும். +20 டிகிரியில் மூன்று கிலோவாட் இழுக்கும் சேம்பர் −20இல் அதில் பாதிகூட இழுக்காமல் போகலாம். எனவே எந்த வெப்பத்தில் எத்தனை வாட் தாங்கும் என்ற வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். கோட்டேஷனில் இந்த வாக்கியத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள்: “டிகிரிக்கு 28.4 கிலோஜூல் சுமையும் 460 வாட் ஓடும் சுமையும் உள்ளே இருக்கும்போது, +60இலிருந்து −20 வரை நிமிடத்துக்கு 3 டிகிரி, நேர்கோட்டில்.” நேர்கோட்டில் என்ற சொல் முக்கியம். சராசரி என்றால் தொடக்கத்தில் வேகமாக இறங்கிக் கடைசியில் ஊர்ந்து போனாலும் கணக்கு சரியாக வந்துவிடும்.

அப்புறம் ரேக். எங்கள் முதல் ரேக் 30 கிலோ. யாரோ கனமான ஆங்கிள் இரும்பில் செய்து கொடுத்தார்கள், நாங்களும் வைத்துக்கொண்டோம். மெல்லிய கம்பி ரேக்குக்கு மாறியதும் ஒரு சுழற்சியில் இருபது நிமிடம் மிச்சமானது.

குளிர்

ஒற்றைக் கம்ப்ரஸர் சேம்பர் −40 பக்கம் வரை போகும். −70 வேண்டுமென்றால் இரண்டு கம்ப்ரஸர்கள் அடுத்தடுத்து வேலை செய்யும் கேஸ்கேட் முறை. பிற்காலத்தில் உதவும் என்று −70 வாங்கி, பத்து வருடத்தில் ஒரு முறைகூட −30ஐத் தாண்டாதவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு கம்ப்ரஸர் என்றால் மின்சாரமும் கூடுதல், பழுதுக்கும் இரண்டு மடங்கு வாய்ப்பு.

குளிரூட்ட உள்ளே சுற்றுவது எந்த கேஸ் என்று கட்டாயம் கேளுங்கள். பழைய வடிவமைப்புகளில் ஆர்-404ஏ, கேஸ்கேடின் அடிநிலையில் ஆர்-23 இருக்கும். புவியைச் சூடாக்கும் திறனில் ஆர்-404ஏ கரியமில வாயுவைப்போல 3,900 மடங்குக்கு மேல், ஆர்-23 சுமார் 14,800 மடங்கு. இந்த வகை கேஸ்களைக் குறைப்பதற்கான சர்வதேச ஒப்பந்தமான கிகாலி திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றுக்கொண்டது. 2028இல் இவற்றின் பயன்பாடு அதற்கு மேல் கூடாமல் நிறுத்தப்பட்டு, 2032இலிருந்து படிப்படியாகக் குறைய வேண்டும். இன்று வாங்கும் சேம்பர் பதினைந்து வருடமாவது உழைக்கும். கேஸ் கசிந்தால் நிரப்ப அன்று கிடைக்குமா, என்ன விலையில் என்பதை இன்றே யோசிக்க வேண்டும்.

ஈரப்பதம் வேண்டுமா?

தேவையில்லை என்றால் சேர்க்காதீர்கள். தண்ணீர், ஈரத்தை அளக்கும் சென்சாரின் திரி, பாய்லர், வடிகால் என்று பராமரிப்பு கூடிவிடும். எங்களுக்கு வேண்டும். பகலில் சூடாகி இரவில் குளிரும் பெட்டி, மூடி விளிம்பில் இருக்கும் ரப்பர் கேஸ்கெட் வழியாக ஈரக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். 60068-2-30 அதைத்தான் செய்து பார்க்கிறது. 24 மணி நேரச் சுழற்சியில் 25 டிகிரியிலிருந்து 55 வரை ஏற்றி, சாம்பிள் மேலேயே ஈரம் படிய வைக்கும். காற்றிலிருந்து சாம்பிளில் படியும் ஈரம்தான் சோதனை. சேம்பர் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் சோதனை இல்லை. கூரை சாய்வாக இருக்கிறதா என்று தலையை உள்ளே விட்டுப் பாருங்கள்.

ஈரப்பதம் 20 முதல் 98 சதவீதம் என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் நம்பி வாங்கிவிடாதீர்கள். எந்த வெப்பத்தில் எந்த ஈரப்பதம் முடியும் என்பதற்கு ஒரு வரைபடம் உண்டு, அதைக் கேளுங்கள். 20 டிகிரியில் 30 சதவீதம் என்பது கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் காற்றின் ஈரத்தை எடுக்க, குளிர்ச்சுருளை 2 டிகிரிக்கும் கீழே கொண்டுபோக வேண்டும். கொஞ்ச நேரத்தில் சுருளில் பனிக்கட்டி கட்டிவிடும். இன்னொரு முனையில் 85 டிகிரி, 85 சதவீதம், 1,000 மணி நேரம் என்ற சோதனை இருக்கிறது. சோலார் பேனல்களுக்குக் கேட்பார்கள். அது இடைவிடாமல் 42 நாள். அத்தனை நாள் தாங்க, திரி இல்லாத மின்னணு சென்சாரா, ஈரத்திரி முறையா, திரியென்றால் சோதனையை நிறுத்தாமல் மாற்ற முடியுமா என்பதையெல்லாம் பார்க்க வேண்டும்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. சிறுவாணித் தண்ணீர் குடிக்க எவ்வளவுதான் இனித்தாலும், சேம்பருக்கு அதுவும் ஆகாது. ஆர்.ஓ. தண்ணீரும் போதாது. உப்பு நீக்கிய டீ.எம். வாட்டர்தான் வேண்டும், கடத்துதிறன் எத்தனை மைக்ரோசீமென்ஸுக்குள் என்பதை சேம்பரின் கையேட்டில் பாருங்கள். எங்கள் முதல் சேம்பரில் யாரோ அவசரத்துக்கு போர்வெல் தண்ணீரை ஊற்றிவிட்டார்கள். ஆறு மாதத்தில் ஹீட்டரைக் கழற்றிப் பார்த்தபோது, ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்துக்கு வெள்ளைப் படலம்.

அளவும் துளையும்

பெரிதாக வாங்கினால் நல்லது என்று தோன்றும். பெரிய சேம்பர் மெதுவாக மாறும், மின்சாரம் தின்னும். சாம்பிள்களின் மொத்தக் கன அளவு உள்ளறையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல், ஒவ்வொரு சுவரிலிருந்தும் உள்ளகலத்தில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி விட்டு வைத்துப் பாருங்கள். அட்டையை வெட்டித் தரையில் பரப்பிப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் அளவு தெரிந்துவிடும்.

கேபிள் போகும் பக்கத்துளை, அதாவது போர்ட், பலர் மறந்துபோகும் சமாச்சாரம். பின்னால் துளையிடுவது பெரிய வேலை. உங்கள் பவர் கேபிள், லோடு கேபிள், தெர்மோகப்பிள் வயர்கள் எல்லாவற்றையும் ஒரு கைப்பிடியாகச் சேர்த்துப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். எங்களுக்கு 50 மில்லிமீட்டர் துளை போதவில்லை, இப்போது இரண்டு 100 மில்லிமீட்டர் துளைகள் வைத்திருக்கிறோம். கேபிளை உள்ளே ஒரு வளைவு கீழே தொங்கவிட்டுக் கொண்டுபோனால், அதன் வழியே வழியும் நீர் கனெக்டருக்குள் இறங்காது.

லித்தியம் பாட்டரி சோதிப்பவர்கள் இந்தக் கட்டுரையை மட்டும் வைத்து வாங்கிவிடாதீர்கள். சாதாரண சேம்பருக்குள் பாட்டரி தீப்பிடித்தால் மூடிய இரும்புப் பெட்டிக்குள் எரியும் வாயு நிறையும். அழுத்தம் வெளியேறும் வழி, வாயு சென்சார், கதவுப் பூட்டு, நைட்ரஜன் அல்லது கரியமில வாயு செலுத்தும் ஏற்பாடு எல்லாம் உள்ள தனி வகை சேம்பர்கள் இருக்கின்றன. பக்கத்தில் ஆள் நின்று வேலை செய்யும் இடம் அது. இதில் மட்டும் விலை பேசாதீர்கள். பாட்டரி இல்லாதவர்களும், சேம்பரின் கண்ட்ரோலரைச் சாராமல் தனியாக இயங்கும் அதிவெப்பத் தடுப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வைக்கப்போகும் இடம்

சேம்பர் உள்ளே குளிர்விக்கும் வெப்பம் எங்கே போகிறது? உங்கள் அறைக்குத்தான். அது இழுக்கும் மின்சாரமும் வெப்பமாகி அங்கேயேதான் சேரும். வெப்பத்தை வெளியே விடும் பாகமான கண்டன்சர் காற்றால் குளிரும் வகை என்றால், அறை 35 டிகிரிக்குள் இருக்கும்வரை மட்டுமே பொறுப்பு என்று சின்ன எழுத்தில் எழுதியிருக்கும். சித்திரை மாதம் தகர ஷெட்டுக்குள் 35க்கு எங்கே போவது? எங்கள் முதல் சேம்பர் மதியம் இரண்டு மணிக்கு அழுத்தம் கூடி நின்றுவிடும். இரவில் மட்டும்தான் −20 சோதனை வைப்போம். இரண்டாவதற்குக் கண்டன்சரைப் பிரித்து வெளிச்சுவரில் நிழல் பக்கம் வைத்தோம். நீரால் குளிரும் வகையும் உண்டு. அதற்குக் கூலிங் டவர் வேண்டும், உப்புத் தண்ணீர் என்றால் அங்கேயும் படலம் கட்டும்.

கரன்ட் போய் வந்தால் சேம்பர் என்ன செய்யும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடருமா, நிற்குமா, முதலிலிருந்து ஆரம்பிக்குமா, அதை நாம் தேர்ந்தெடுக்க முடியுமா? போன நேரமும் வந்த நேரமும் பதிவில் இருக்க வேண்டும். ஜெனரேட்டரில் ஓட்டுவதென்றால் கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் கரன்டையும் கணக்கில் சேருங்கள்.

பணம் கொடுக்கும் முன்

வருடத்துக்கு நான்கைந்து சோதனைதான் என்றால் வாங்கவே வேண்டாம். சென்னை திருவான்மியூரில் மின்னணுப் பொருள்களைச் சோதிக்கும் மத்திய அரசின் எஸ்.டி.க்யூ.சி. ஆய்வகம் இருக்கிறது, ஒரகடத்தில் வாகனங்களுக்கான ஆராய்ச்சி மையம் இருக்கிறது, தனியார் ஆய்வகங்களும் உண்டு. வாங்குவது என்று முடிவானாலும், முதலில் வெளியில் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து உங்கள் சாம்பிளை ஓட்டுங்கள். உங்கள் தாளில் இருக்கும் எண்களில் குறைந்தது இரண்டு மாறும்.

தயாரிப்பாளர் இடத்தில் ஏற்புச் சோதனை நடக்கும்போது உங்கள் ரேக்கையும் சாம்பிள்களையும் கூடவே எடுத்துப் போங்கள். சாம்பிள் கொண்டுபோக முடியாவிட்டால் அதே எடைக்கு அலுமினியக் கட்டிகளும், ஓடும் சுமைக்கு ஒரு ஹீட்டரும் போதும். ஒன்பது புள்ளி அளவீட்டை, ஆய்வகங்களை அங்கீகரிக்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.லின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் சரிபார்த்த தெர்மோகப்பிள்களால், நீங்கள் அன்றாடம் பயன்படுத்தப்போகும் வெப்பங்களில் எடுக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு அது −20, 40, 60. அவர்கள் 100இலும் 150இலும் எடுத்துக் காட்ட ஆசைப்படுவார்கள், உங்களுக்கு அது எதற்கு?

சர்வீஸ் ஆள் எந்த ஊரில் இருக்கிறார், கம்ப்ரஸர் கையிருப்பு எங்கே என்பதையும் ஐந்து வருடம் முன்பு வாங்கிய ஒருவரிடம் போனில் கேளுங்கள். புதிதாக வாங்கியவரிடம் கேட்டுப் பயனில்லை.

கடைசித் தவணையை மட்டும் உங்கள் இடத்தில் நடக்கும் ஏற்புச் சோதனை முடியும்வரை நிறுத்தி வையுங்கள். எங்கள் மூன்றாவது சேம்பர் டிசம்பரில் வந்தது. சோதனையை ஏப்ரல் மாதம் மதியம் இரண்டு மணிக்கு வைத்துக்கொள்கிறோம் என்று ஆர்டரிலேயே எழுதியிருந்தோம். அன்று ஷெட்டுக்குள் 39 டிகிரி. நான்கு கண்ட்ரோலர்களும் உள்ளே ஓடிக்கொண்டிருக்க, −20க்கு இறங்க 27 நிமிடம் ஆனது. அப்புறம்தான் காசோலையில் கையெழுத்துப் போட்டோம்.